குடையைப் பாக்காதீங்க, அடியைப் பாருங்க

கேள்வி: மழை பெஞ்சா போதும், புல்வெளியில விதவிதமா காளான் முளைக்குது. எது என்னன்னு கத்துக்க ஆசை, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

பதில்: ரொம்ப நல்ல ஆசைங்க. ஆனா "இதைச் சாப்பிடலாமா"ங்கிற கேள்வியை ரெண்டு மழை சீசனுக்காவது தள்ளி வெச்சிடுங்க, நாக்கு முந்திக்கிட்டா கண்ணு பாக்கவேண்டியதைப் பாக்காது.

எல்லாரும் மேல இருக்கிற குடையைத்தான் பாக்குறாங்க, அதோட நிறமோ மழையில வெளுத்துடும், வெயில்ல மங்கிடும், வயசுக்கு வயசு மாறும். அதனால கிள்ளாம, கத்தியால மண்ணைக் கிளறி முழுசா தோண்டி எடுங்க. குடைக்கு அடியில மடிப்பு மடிப்பா இருக்கா இல்ல பொடி ஓட்டையா இருக்கா, மடிப்பு தண்டைத் தொடுதா, தண்டுல வளையம் இருக்கா, அடியில கிண்ணம் மாதிரி ஒரு பை இருக்கா, முளைச்சது மண்ணுலயா சாணத்துலயா பட்ட மரத்துலயா, இதெல்லாம் அங்கேயே நோட்டுல எழுதிடுங்க, வீட்டுக்கு வந்து எழுதினா பாதி மறந்துடும். விஷக் காளானா இருந்தாலும் தொட்டா ஒண்ணும் ஆகாது, கையைக் கழுவிட்டாப் போதும்.

அப்புறம் ஸ்போர் பிரிண்ட், அதாவது காளானோட விதை மாதிரியான பொடி (ஸ்போர்) பேப்பர்ல விடுற அச்சு, இதை மட்டும் விட்டுடாதீங்க. தண்டை வெட்டிட்டு, குடையை மடிப்புப் பக்கம் கீழ இருக்கிற மாதிரி பாதி வெள்ளை பாதி கறுப்பு பேப்பர் மேல வெச்சு ஒரு டம்ளரைக் கவுத்து மூடி ராத்திரி விட்டுடுங்க, காலையில அதோட ஸ்போர் தூளா உதிர்ந்து நிறம் காட்டும். புல்வெளியில பெருசா வெள்ளையா வர்ற குளோரோஃபில்லம் மாலிப்டைட்டீஸ்ங்கிற விஷக் காளானைப் பாத்தா அப்பாவியாத்தான் தெரியும், பிரிண்ட் எடுத்தா பச்சை! சாப்பிட்டா சில மணி நேரத்துல வாந்தியும் பேதியும் போட்டு வாட்டிடும். சாப்பிடுற வைக்கோல் காளானுக்கும் டெத் கேப்ங்கிற கொலைகாரக் காளானுக்கும் அடியில பை உண்டு, மொட்டுல ரெண்டும் முட்டை மாதிரியே இருக்கும். ஆசியாவுல வைக்கோல் காளான் பறிச்சுப் பழகினவங்க அமெரிக்கா, ஆஸ்திரேலியான்னு போன இடத்துல டெத் கேப்பைப் பறிச்சு உயிரை விட்டிருக்காங்க. விரிஞ்ச வைக்கோல் காளானோட பிரிண்ட் இளஞ்சிவப்பு, டெத் கேப்போடது வெள்ளை, தண்டுல வளையமும் இருக்கும். மொட்டு பிரிண்டே தராது, அதனால மொட்டை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

கேள்வி: வெள்ளி ஸ்பூன் கறுக்கலைன்னா, பூச்சி கடிச்சிருந்தா நல்ல காளான்தானே?

பதில்: இல்லவே இல்லைங்க. டெத் கேப்போட விஷம் வெள்ளியைக் கறுக்க வைக்காது, நத்தைங்க அதைத் தின்னுட்டு நல்லாவே இருக்கும். நல்லா வேக வெச்சா விஷம் போயிடும்னு சொல்றதும் பொய். போட்டோ ஆப் பேரைத் தேட ஒரு துப்பு குடுக்கும், அவ்ளோதான், மண்ணுக்குள்ள இருக்கிற பை அதுக்கு எங்க தெரியப்போகுது?

கேள்வி: தெரியாத காளானைச் சாப்பிட்டு வாந்தி வந்து, மறுநாள் சரியாயிட்டா விட்டுடலாமா?

பதில்: தயவுசெஞ்சு விட்டுடாதீங்க, இதைத்தான் நான் பயந்து பயந்து சொல்றேன். உடனே வர்ற வாந்தியை விட, சாப்பிட்டு 6 மணி நேரத்துக்கு மேல கழிச்சு ஆரம்பிக்கிற வாந்தி பேதிதான் ஆபத்து, டெத் கேப் அப்படித்தான் வரும். அதுல இருக்கிற அமாட்டாக்சின்ங்கிற விஷம் கல்லீரல் செல்லு புரதம் செய்யிற வேலையையே நிறுத்திடும். நடுவுல ஒரு நாள் உடம்பு தேறின மாதிரி இருக்கும், உள்ள கல்லீரல் அழிஞ்சுட்டே இருக்கும். தெரியாத காளான் வயித்துக்குள்ள போயிடுச்சுன்னா வாந்தி வரட்டும்னு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க, கூட சாப்பிட்டவங்களையும் கூட்டிட்டுப் போங்க. மிச்சக் காளான் இருந்தா, சமைச்சதா இருந்தாலும் பரவாயில்ல, கையோட எடுத்துட்டுப் போங்க, பச்சையா இருக்கிறதை பிளாஸ்டிக் பையில போட்டா அழுகிடும், பேப்பர்ல சுத்துங்க.