தாழ் போடுவதில்லையாம்!

கேள்வி: மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறேன். பொதுப்பணித் துறையில் 31 ஆண்டுகள் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் அப்பா காலமாகிப் பதினோரு மாதங்கள் ஆகின்றன. அடுத்த மாதம் வருஷத் திதி. மதுரையில் இருக்கும் அண்ணன், மண்டபம் பிடித்துப் பேருந்து நிலையம் வரைக்கும் ஃபிளெக்ஸ் வைக்க வேண்டும் என்கிறார். திருப்பூரில் இருக்கும் அக்கா, அந்தப் பணத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் சாப்பாடு போடலாம் என்கிறார். அப்பாவின் வாழ்க்கையைச் சொல்லும் நினைவு மலர் ஒன்றை அச்சிட வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டவில்லை. தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று என் மகள் கேட்டபோதும் 'கவர்ன்மென்ட் வேலை' என்றுதான் சொல்ல முடிந்தது. செலவைப் பிரிப்பதிலும் மனத்தாங்கல். இதற்கிடையில், ஊரில் தனியாக இருக்கும் அம்மா ராத்திரியில் வாசல் கதவைத் தாழ் போடுவதில்லையாம். பக்கத்து வீட்டு அத்தை போன் போட்டுச் சத்தம் போடுகிறார். சொன்னால் அம்மா கேட்பதில்லை. எங்கள் மூவரில் யார் சொல்வது சரி? (பெயர் வேண்டாம், சென்னை.)

பதில்: தம்பி, மண்டபமா, மலரா, சாப்பாடா என்று கேட்டு வரும் கடிதங்களை நான் பல வருஷங்களாகப் பார்த்துவருகிறேன், பெரும்பாலானவற்றைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவேன். உங்கள் துயரம் எனக்குப் புரிகிறது என்று தொடங்கி நாலு வரி எழுதவும் எனக்கு மனம் இல்லை. உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போகிற போக்கில் ஒரு புகாராக நீங்கள் எழுதிவைத்திருக்கும் அந்தக் கதவு.

'தாழ் போடுவதில்லை' என்று நீங்கள் எழுதவில்லை. 'தாழ் போடுவதில்லையாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'ஆம்' உங்கள் மூவரையும் காட்டிக்கொடுத்துவிட்டது. கருமாதி முடிந்து ஊர் திரும்பிய பிறகு உங்களில் ஒருவராவது ஓர் இரவு அந்த வீட்டில் படுத்திருந்தால், கதவு எப்படி இருக்கிறது என்பது உங்கள் கண்ணுக்கே தெரிந்திருக்கும். பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்திருக்க வேண்டியதில்லை. மதுரைக்கும் மேலூருக்கும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரப் பாடு. உங்கள் அண்ணன் போகாமல் இருந்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அரிசி மூட்டையை இறக்கிவைத்து, காபி குடித்து, மாத்திரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வண்டியை எடுத்திருப்பார். பகலில் வந்து போகிறவருக்குக் கதவைப் பற்றி என்ன தெரியும்?

முதலில், உங்கள் மகளுக்கு நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதிலை நான் சொல்கிறேன். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, வைகையோடு சேர்ந்து, 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்கி, பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குள் புகுந்து உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறது. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம். அதற்குக் கீழே, மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கர் ஒருபோகம். அணையில் இருப்பு உள்ள வருஷங்களில் செப்டம்பர் நடுவாக்கில் திறந்து 120 நாள் விடுவார்கள். இருப்பு குறைந்தால் முறை வைத்து விடுவார்கள். முறை என்று வந்துவிட்டால் சண்டையும் கூடவே வந்துவிடும். தலைமடைக்காரர் இரவோடு இரவாக ஷட்டரை ஏற்றிவிட்டால் கடைமடையில் பயிர் வாடும். அப்படி நடக்காமல், கையில் டார்ச் லைட்டோடு கரை நெடுக நடந்து, மதகு மதகாகப் பார்த்து, ஏற்றியதை இறக்கி, இறக்கியதை ஏற்றி, இரண்டு பக்கத்து வசவையும் வாங்கிக்கொண்டு நேரங்கெட்ட நேரத்தில் வீடு திரும்புகிறவருக்குத்தான் லஸ்கர் என்று பெயர். அந்தப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக் படத்தை மாட்டி, அவர் பிறந்த நாளில் பொங்கல் வைக்கிற ஊர்கள் தேனிப் பக்கம் உண்டு. அவர் கொண்டுவந்த தண்ணீரைக் கடைசி வயல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கு, அவர் பெற்ற பிள்ளையின் வாயில் 'கவர்ன்மென்ட் வேலை' என்ற இரண்டு சொற்கள்தாம் மிஞ்சியிருக்கின்றன.

இப்போது கதவுக்கு வருகிறேன். மழை பொய்த்த வருஷங்களைத் தாராளமாகத் தள்ளிவிட்டு, 31 ஆண்டுகளில் 20 ஆண்டுகள் தண்ணீர் வந்தது என்று வைத்துக்கொண்டாலும் 2,400 இரவுகள் ஆகின்றன. எத்தனை மணிக்கு வருவார் என்று தெரியாத ஒரு மனிதருக்காக, மூன்று குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு, ஒருக்களித்துச் சாத்திய கதவுக்குப் பின்னால், செருப்புச் சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டு உங்கள் அம்மா அத்தனை இரவுகள் அரைத் தூக்கம் தூங்கியிருக்கிறார். உள்ளே வந்து தாழ் போடுவது உங்கள் அப்பாவின் வேலை. ஓய்வு பெற்ற பிறகும், கடைசியாக ஒருமுறை வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத் தாழை இழுத்துவிடுவது அவர் கையில்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். என் ஊகம் தவறு என்றால் அம்மாவிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். அந்தச் சாக்கிலாவது கேட்பீர்கள்.

மலர் ஒன்றரைப் பக்கத்தில் ஏன் நின்றுபோனது என்று இப்போது தெரிகிறதா? பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி ஆகியவற்றைத் தவிர உங்களிடம் எதுவும் இல்லை. மிச்சம் முழுவதும் அந்த வீட்டில், தாழ் போடாத கதவுக்குப் பின்னால் படுத்திருக்கிறது. என் அப்பா காலமானபோது, அவருடைய படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடுவதற்காக டவுன்ஹால் ரோட்டில் மூன்று நாள் நானும் அலைந்தேன். அந்த மூன்று நாளும் என் அம்மா எங்கே உட்கார்ந்திருந்தார், சாப்பிட்டாரா இல்லையா என்று இன்றைக்கு யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

துக்க வருஷம் என்று தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்காமல், பொங்கலுக்குப் பானை வைக்காமல் இருந்திருப்பீர்கள். திருப்புவனத்தில் வைகைக் கரையில் உட்கார்ந்து செய்ய வேண்டியதையும் குறைவில்லாமல் செய்திருப்பீர்கள். துணையை இழந்த பெண்ணை முதல் வருஷத்தில் தனியே படுக்க விடக் கூடாது என்பதை மட்டும் யார் சொல்லி விட்டுவிட்டீர்கள்? என்னைப் பழைய பஞ்சாங்கம் என்று சொன்னாலும் சரி, அம்மாவைத் தனியே விட்டுவிட்டு அப்பாவுக்குச் செய்கிற எந்தக் காரியமும் அப்பாவுக்குப் போய்ச் சேராது என்பதே என் கட்சி. 'அவர்தான் ஊரை விட்டு வர மாட்டேன் என்கிறார்' என்று நீங்கள் மறு கடிதம் எழுதுவீர்கள். அவர் வர வேண்டாம், நீங்கள் போங்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஃபிளெக்ஸ் வேண்டாம். மண்டபமும் வேண்டாம், வீட்டு வாசலில் பந்தல் போட்டு, உங்கள் அப்பா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்த கடைமடைக் கிராமங்களிலிருந்து வயதானவர்களை அழைத்து இலை போடுங்கள். அவரோடு சண்டை போட்டவர்களும் வருவார்கள், ஆளுக்கு ஒரு கதை சொல்லாமல் கை கழுவ மாட்டார்கள். அக்காவின் எண்ணம் நல்ல எண்ணம்தான். முன்பின் தெரியாத முதியவர்களுக்குப் பரிமாறுவதற்கு முன்னால் பெற்ற தாயோடு நான்கு நாள் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். செலவை முடிந்தவர் முடிந்த அளவு போடட்டும். இதையெல்லாம் மூன்றால் வகுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

வரும் வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். விடியும்போது மதுரை வந்துவிடும். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். சனிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாயை விரித்து, நோட்டையும் பேனாவையும் வெளியே எடுக்காமல், 'கால்வாயில் தண்ணீர் ஓடும்போது அப்பா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார்?' என்று மட்டும் கேளுங்கள். கதவைப் பற்றி ஒரு வார்த்தையும் புத்தி சொல்லாதீர்கள். அம்மா படுத்த பிறகு நீங்களே எழுந்து தாழ் போடுங்கள். அடுத்த வாரம் அண்ணன், அதற்கடுத்த வாரம் அக்கா. ஆயுள் முழுவதும் முறை வைத்துத் தண்ணீர் விட்டவர் பெற்ற பிள்ளைகளுக்கு இந்த முறையை வைத்துக்கொள்ளத் தெரியாதா என்ன?

ரயிலை விட்டு இறங்கியதும் அந்தப் பக்கத்து வீட்டு அத்தைக்கு அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொள்ளுங்கள். சத்தம் போடுகிறார் என்று அவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்; இந்தப் பதினோரு மாதமும் இரவில் எழுந்து அந்தக் கதவைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.