கோல் எடுத்தது யார்? ‘எடு’வும் ‘டேக்’கும்

மல்லாவியிலிருந்து ஒரு பிள்ளை எழுதியிருக்கிறார். மாங்குளத்தில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்து 4 மாதம். மேலதிகாரிக்கு எல்லாம் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். போன கிழமை அனுப்பிய மின்னஞ்சலில் இரண்டு செய்திகள்: நேற்று உங்களுக்கு இரண்டு தரம் கோல் எடுத்தேன், அம்மா மருந்தெடுக்க வேண்டியிருந்தது, கூடப் போனதால் வேலைக்கு வரவில்லை. கோலுக்கு ‘டுக்’ போட்டார், மருந்துக்கு ‘டேக்’ போட்டார். வந்த பதில்: “நான் உங்களுக்கு அழைக்கவேயில்லையே, எந்தக் கோலை எடுத்தீர்கள்? அம்மா மருந்து குடிக்க நீங்கள் ஏன் கூடப் போக வேண்டும்?” பிள்ளை கேட்பது இதுதான்: “அகராதியில் டேக் என்றால் எடு என்றுதானே இருக்கிறது, சேர்? பிழை எங்கே? இந்தச் சொல் எங்கிருந்துதான் வந்தது?”

அகராதியில் பிழையில்லை, பிள்ளை. எங்கள் ‘எடு’ கொஞ்சம் ஊர்சுற்றி. டேக் போகாத இடத்துக்கெல்லாம் அது போய்வரும்.

கோலை முதலில் பார்ப்போம். “பின்னேரம் எனக்கொரு கோல் எடு” என்று அம்மா சொன்னால் இலக்கத்தை அழுத்த வேண்டியது நீங்கள். ஆங்கிலத்தில் ‘டேக் எ கோல்’ என்றால் இதற்கு நேரெதிர்: அடிக்கிற போனை எடுத்துப் பேசுவது. தமிழ்நாட்டுக்காரரும் ‘போனை எடு’ என்றால் அப்படித்தான் விளங்கிக்கொள்வார்கள். கோல் எடுத்து அழைப்பது நாங்கள்தான். ஆகவே உங்கள் மேலதிகாரி கேட்டது நக்கல் இல்லை, அவருக்கு உண்மையிலேயே குழப்பம்.

மருந்தும் அப்படித்தான். இங்கே மருந்தெடுக்கப் போவதென்றால் காலமை வெள்ளனப் போய் நம்பர் எடுத்து, வாங்கில் காத்திருந்து, டொக்டரிடம் காட்டி, துண்டோடு மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் போய், பஸ் பிடித்து வீடு வருவது வரைக்கும். ‘டேக் மெடிசின்’ என்றால் குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது மட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதில் விழுந்தவன். லீவுக் கடிதத்தில் ‘ஐ டுக் மெடிசின்’ என்று எழுதியிருந்தேன். அதிபர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, “குளிசை போட ஒரு நாள் வேணுமோ தம்பி?” என்றார். எனக்கு விளங்கவே ஒரு கிழமை ஆனது.

எங்கே டேக் பொருந்தும் என்று பார்க்க நான் பிள்ளைகளுக்குச் சொல்வது கைச் சோதனை. கை நீண்டு ஒன்றைப் பற்றுகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் டேக். மேசையில் இருக்கிற பேனையை எடுப்பது, படம் எடுப்பது, வயலைக் குத்தகைக்கு எடுப்பது எல்லாம் டேக்தான். முடிவெடுப்பதற்கும் இதைச் சொல்லலாம், கை மனதுக்குள் நீளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருள் தானாக உங்களிடம் வந்து சேர்கிறதா? அப்போது ‘கெட்’. “இந்தக் காலபோகம் ஏக்கருக்கு எத்தனை மூட்டை எடுத்தனீங்கள்?” என்று கேட்பதிலும், சம்பளம் எடுப்பதிலும், சோதனையில் 9 ஏ எடுப்பதிலும் இருப்பது கெட். உடம்புக்குள்ளே கிளம்புவதென்றால் இரண்டும் இல்லை. பசி எடுக்கிறது, விடாய் எடுக்கிறது என்பதற்கு ‘ஐ ஆம் ஹங்க்ரி’, ‘ஐ ஆம் தேர்ஸ்ட்டி’ போதும்.

ஒன்றில் மட்டும் எங்கள் பேச்சு அப்படியே ஆங்கிலத்தோடு ஒட்டும். “கிளிநொச்சியிலிருந்து வவுனியா போக எவ்வளவு நேரம் எடுக்கும்?” இங்கே கையும் இல்லை, காலும் இல்லை, ஆனால் டேக்தான். தைரியமாக எழுதுங்கள்.

இனி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. கைச் சோதனை என் கற்பனை மட்டுமில்லை, சொல்லின் வேரிலும் கை இருக்கிறது. ஆங்கிலேயரின் பழைய சொல் டேக்கே அல்ல, ‘நிமன்’. அதன் உறவுச்சொல் ஜெர்மன் மொழியில் ‘நேமன்’ என்று இன்றும் இருக்கிறது. வன்னியில் ஜெர்மனியிலோ சுவிஸிலோ உறவு இல்லாத வீடு குறைவு. அங்கே பிறந்த மச்சாள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், நாளுக்குப் பத்துத் தரம் சொல்வார்கள். 793இல் வைக்கிங்குகள் என்ற வடஐரோப்பியக் கடலோடிகள் கடல் வழியாக வந்து இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடாலயத்தைக் கொள்ளையடித்தார்கள். பிறகு வந்தவர்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி, காணி உழுது, அங்கேயே கலியாணமும் கட்டினார்கள். 1016இல் டென்மார்க்கிலிருந்து வந்த கனூட் இங்கிலாந்துக்கே அரசனானான். இவர்களின் நோர்ஸ் மொழியில் எடுப்பதற்குச் சொல் ‘டக்கா’. இதற்கு உறவான, இன்று வழக்கொழிந்த கோத்திக் என்ற ஜெர்மானிய மொழிச் சொல்லின் பொருள் ‘தொடு’. தொட்டு, பற்றி, பிறகு எடுத்து என்று பொருள் நகர்ந்திருக்கிறது. அடுத்த சில நூற்றாண்டுகளில் நிமன் ஒதுங்கிக்கொள்ள, வந்தேறி டேக் வீட்டுக்காரன் ஆனது. முட்டைக்கு ‘எக்’, வானத்துக்கு ‘ஸ்கை’, அவர்களுக்கு ‘தெய்’ எல்லாம் அதே கப்பலில் வந்தவைதான்.

நிமன் ஒரேயடியாகச் செத்துப்போகவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் விறைக்கிறதே, அதற்கு ஆங்கிலத்தில் ‘நம்ப்’ என்று எழுதி ‘நம்’ என்று வாசிப்பார்கள். அது நிமனின் இறந்தகால வடிவம். உணர்ச்சி எடுபட்டுப் போனது என்று பொருள். கைச்சுறுசுறுப்பைச் சொல்லும் ‘நிம்பிள்’ இன்னொரு பிள்ளை. கடைசிக் காலத்தில் ‘நிம்’ என்றால் களவெடுப்பது என்று கொச்சையில் புழங்கியது. இதில் எங்களுக்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வேலியோரத்து மாங்காய் காணாமல் போனால் “ஆரோ எடுத்துப்போட்டாங்கள்” என்றுதானே நாங்களும் சொல்கிறோம்.

‘மிஸ்டேக்’ என்று வாய்க்கு வாய் சொல்கிறோமே, அதற்குள்ளும் டேக்தான். நோர்ஸில் ‘மிஸ்டக்கா’, தவறாக எடு.

இறந்தகாலம் ‘டுக்’, அப்புறம் ‘டேக்கன்’. ‘டேக்ட்’ என்று ஒன்று இல்லை. ‘ஷேக், ஷுக், ஷேக்கன்’ என்பதோடு சேர்த்துப் பாடமாக்கினால் மறக்காது. எழுத்தைப் பற்றியும் ஒரு சொல்: எங்கள் பழைய வழக்கப்படி ‘ரேக்’ என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் குப்பை வாருகிற ரேக்கும் இருக்கிறதால் நான் ‘டே’ பக்கம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மின்னஞ்சலுக்கு அதுதான் தேவை. கொண்டு போவதும் டேக், ஆளைக் கூட்டிக்கொண்டு போவதும் டேக். கொண்டு வருவது ‘பிரிங்’. இதில் தமிழ்க் காதே போதும். அலுவலகத்துக்கு எழுதும்போது “நாளைக்குப் பத்திரங்களைக் கொண்டு வருகிறேன்” என்றுதான் சொல்வீர்கள், கொண்டு போகிறேன் என்று சொல்லமாட்டீர்கள். ஆகவே அங்கே பிரிங். வீட்டிலிருந்து அம்மாவை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனீர்கள், ஆகவே டேக்.

சரி, இப்போது அந்த இரண்டு வரிகளையும் இப்படி எழுதி அனுப்புங்கள்: ‘ஐ கோல்ட் யூ ட்வைஸ் யெஸ்டர்டே. ஐ ஹேட் டு டேக் மை மதர் டு த டொக்டர்.’ நீங்கள் ‘எடு’ என்று நினைத்த இரண்டு இடத்திலும் டேக் இல்லை. ‘எடு’வே இல்லாத இடத்தில்தான் அது வந்து உட்கார்ந்திருக்கிறது.