மேல்வீட்டுச் சலவை இயந்திரத்தின் நீர் கீழ்வீட்டை நனைத்தால் பொறுப்பு யாருடையது?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் ஆறு வீடுகள் கொண்ட மாடிக் கட்டடமொன்றில் முதலாம் மாடி வீட்டை உறுதி முடித்து வாங்கி வசிக்கிறேன். எனக்கு நேர்மேலே வாடகைக்கு இருக்கும் குடும்பத்தினரின் சலவை இயந்திரத்திலிருந்து ஐப்பசியில் ஒரு தடவையும் தையில் மறு தடவையும் நீர் ஒழுகியது. முதல் தடவை சுவரில் கறை மட்டுமே பிடித்தது. அப்போதே வாய்மொழியாகச் சொன்னேன். இரண்டாம் தடவை இயந்திரத்துக்கான குழாயைத் திறந்தபடியே விட்டு அவர்கள் வெளியே போயிருந்தார்கள். என் அறையின் சீலிங் பலகை இடிந்து விழுந்தது; அலுமாரியும் அதனுள் இருந்த என் கூறைச்சேலையும் பழுதாகிவிட்டன. குடியிருப்பவர் "கட்டடத்துக் குழாய்தான் பழுது" என்கிறார். கொழும்பில் இருக்கும் வீட்டுக்காரர் "மெஷின் அவர்களுடையது" என்கிறார். நான் யாரிடம் நட்டஈடு கேட்பது? மொட்டைமாடித் தாங்கியிலிருந்து அவர்களுக்குப் போகும் நீரை நானே பூட்டிவிடலாமா?

பதில்: வாசகி அவர்களுக்கு, கூறைச்சேலைக்கு எந்த நீதிமன்றத்தாலும் ஈடு தர முடியாது என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன். ஆயினும் உங்கள் நிலை நீங்கள் நினைப்பதைவிட வலுவானது.

மேலிருந்து நீர் வந்தது என்ற ஒன்றினால் மட்டும் மேல்வீட்டார் பொறுப்பாளியாகிவிட மாட்டார். இலங்கையில் இத்தகைய வழக்குகளுக்கு உரோம டச்சுச் சட்டத்தின் அக்விலியன் கோட்பாடே அடிப்படை; அதன்படி எதிராளியின் வேண்டுமென்ற செயல் அல்லது கவனயீனம், அதனால் விளைந்த பண இழப்பு, இரண்டுக்கும் இடையிலான காரணத் தொடர்பு ஆகியவற்றை நீங்கள் நிரூபிக்க வேண்டும். எவரும் எதிர்பாராத விதமாக ஒரு புதிய குழாய் வெடித்தால் அதைக் கவனயீனம் என்று காட்டுவது கடினம். ஆனால் ஐப்பசியில் ஒருமுறை ஒழுகி, நீங்கள் சொல்லியும் விட்ட பிறகு, அதே இயந்திரத்தைத் திருத்தாமல் குழாயையும் திறந்தபடி விட்டு வீட்டைப் பூட்டிச் சென்றது முற்றிலும் வேறு விடயம். இயந்திரம் ஓடாத வேளையிலும் குழாய் திறந்திருந்தால், நீரை உள்ளே எடுக்கும் ரப்பர்க் குழாயில் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். நிமிடத்துக்கு எட்டு லீற்றர் வீதம் வெளியேறினால் மூன்று மணித்தியாலத்தில் 1,440 லீற்றர் ஆகும். முதல் ஒழுக்கைக் கண்ட எவரும் இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்திருக்க வேண்டும் என்பதே உங்கள் வழக்கின் முதுகெலும்பு.

நீங்கள் அப்போது வாய்மொழியாகச் சொன்னதுதான் பலவீனம். அன்று அனுப்பிய குறுஞ்செய்தியோ அருகில் நின்ற அயலவரோ இருந்தால் அந்தச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். இனிமேல் ஒவ்வொரு ஒழுக்கையும் திகதி, நேரம் குறித்து எழுத்தில் அறிவியுங்கள்.

குடியிருப்பவரா, வீட்டுக்காரரா என்ற கேள்விக்கு நீர் எப்படி வருகிறது என்பதே பெரும்பாலும் விடை தரும். இயந்திரம் அழுக்குநீரை வெளியேற்றும் வேளையில் மட்டும் ஒழுகினால் வெளியேற்றுக் குழாய் கழன்றிருக்கலாம், அல்லது நூல்துணுக்குகள் நிலவடிகாலை அடைத்திருக்கலாம். இவை குடியிருப்பவர் கவனிக்க வேண்டியவை. இயந்திரம் நின்றிருக்க, அதன் குழாயும் பூட்டியிருக்க, அப்போதும் சொட்டினால் சுவருக்குள் பதித்த குழாயையோ நிலத்தின் நீர்காப்புப் பூச்சையோ சந்தேகிக்க வேண்டும்; அதைத் திருத்தும் கடமை வழமையாக வீட்டுக்காரரையே சாரும். இரண்டும் கலந்திருந்தால் இருவரையும் பிரதிவாதிகளாகச் சேர்க்கலாம். ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் மற்றவரைக் கைகாட்டித் தப்ப முயல்வார்.

இரண்டு ஒழுக்குகளும் ஐப்பசிக்கும் தைக்கும் இடையில், வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நடந்திருக்கின்றன. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் சொல்லப்போவது "அது மாரி மழையின் ஈரம்" என்பதே. ஆகவே மழை விட்டுச் சில நாட்கள் காய்ந்த பிறகு, மேல்வீட்டாரின் சம்மதத்துடன், இரு தரப்புக்கும் பொதுவான ஒரு பிளம்பரையும் ஒரு சாட்சியையும் வைத்துச் சோதனை செய்யுங்கள். துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளி நீரில் கரைத்து இயந்திரத்தின் வடிகாலில் ஊற்றி, உங்கள் சீலிங்கில் நீலக் கறை வருகிறதா என்று பார்க்கலாம். கறை வந்தால் படம் எடுங்கள். வராவிட்டால் அதையே முடிந்த முடிவாகக் கொள்ளாதீர்கள். கொங்கிறீற்றுக்குள் நிறம் தங்கிவிடுவதுண்டு. பிளம்பரின் அறிக்கையைக் கையொப்பத்துடன் எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் உறுதியையும் எடுத்துப் பாருங்கள். அது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பதிவான வரைபடமொன்றைக் குறிப்பிட்டால், வீட்டு உரிமையாளர்கள் அனைவரையும் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்று சட்டப்படி உண்டு. பொதுக் குழாய்கள் சம்பந்தமான முறைப்பாட்டை அதற்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும். அத்தகைய பதிவில்லாத மாடிக் கட்டடங்களும் நம் ஊரில் உண்டு. உங்களுடையது அப்படியானால் மேலே சொன்ன பொதுச் சட்டமே உங்களுக்குத் துணை.

நட்டஈடாகச் சீலிங் திருத்தச் செலவு, அலுமாரி, துணிகள், மின்னிணைப்புத் திருத்தம் ஆகியவற்றைக் கேட்கலாம். பழைய பொருளுக்குப் புதிய விலையை அப்படியே கேட்டால் கோரிக்கை நம்பகத்தை இழக்கும். அதன் வயதைக் கழித்துக் கேளுங்கள். மன உளைச்சலுக்கு அக்விலியன் வழக்கில் ஈடு கிடையாது. 2001இல் உயர் நீதிமன்றம் ஒரு மருத்துவக் கவனயீன வழக்கில், பண இழப்புக்கே இவ்வழி உரியது என்று தீர்த்தது. என் மனம் இதை ஏற்க மறுத்தாலும் சட்டம் இன்று இதுதான். நனைந்த பொருட்களை அகற்றாமல் மேலும் பழுதாக விடுவது உங்கள் கோரிக்கையையே குறைக்கும். முதலில் படம் எடுத்துவிட்டுப் பிறகு அகற்றுங்கள்.

அடுத்து, இருவருக்கும் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். சட்டம் குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகளை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி முதலில் மத்தியஸ்த சபைக்கே கொண்டுசெல்ல வேண்டும். இணக்கம் காணப்படவில்லை என்ற சான்றிதழ் இன்றி நீதிமன்றம் அவற்றை ஏற்காது. அங்கே சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. நீங்களே பேச வேண்டும். ஒரே படிக்கட்டில் நாளும் சந்திக்கப்போகும் இரு குடும்பங்களுக்கு அதுவே நல்லது என்பது என் எண்ணம். அங்கே தீராவிட்டால் நீதிமன்றம் உண்டு. ஆனால் 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி இத்தகைய நட்டஈட்டு வழக்கை இழப்பு நேர்ந்து இரண்டு வருடங்களுக்குள் தொடர வேண்டும். பேச்சுவார்த்தையில் காலத்தைக் கடத்திவிடாதீர்கள்.

நீரை நீங்களே பூட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் சீலிங்கிலிருந்து நீர் கொட்டும் அந்த வேளையில், மேல்வீட்டில் எவரும் இல்லாதபோது, ஆபத்தைத் தடுக்க அவர்களின் வால்வைப் பூட்டிவிட்டு உடனே தொலைபேசியில் அறிவிப்பது நியாயமான செயல். பணம் தரும்வரை பூட்டி வைப்பதோ வற்புறுத்தலாகும். அது உங்கள் மீதே வழக்காகத் திரும்பும். மின்விளக்கு வழியாக நீர் சொட்டினால் எல்லாவற்றுக்கும் முன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள், ஆனால் ஈரத்தில் நின்றபடி அதைத் தொடாதீர்கள்.

உங்களுக்குக் கீழேயும் ஒரு வீடு இருக்கிறது. உங்களிடம் சலவை இயந்திரம் இருந்தால், துவைத்து முடிந்ததும் குழாயைப் பூட்டுங்கள். ரப்பர்க் குழாயின் இரு முனைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ புடைப்போ தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். கடற்காற்றில் இரும்புக் கவ்விகள் விரைவில் துருப்பிடிப்பதால் துருவேறா எஃகுக் கவ்விகளையே வாங்குங்கள். வெளியேற்றுக் குழாயை வடிகாலில் கட்டி நிறுத்துங்கள், பம்பு வடிகட்டியை அவ்வப்போது கழற்றிச் சில்லறைக் காசும் பஞ்சும் எடுத்துவிடுங்கள், வீட்டில் எவரும் இல்லாத வேளையில் இயந்திரத்தை ஓடவிடாதீர்கள். குழாய் மாற்றியதற்கான பற்றுச்சீட்டை உறுதியுடன் சேர்த்து வையுங்கள். என்றாவது நீங்கள் பதில் சொல்ல நேர்ந்தால், கவனம் எடுத்தீர்கள் என்பதற்கு அதுவே சான்றாகும்.