மழையா, மதமா?

அன்புள்ள ஐயா,

நைஜீரியாவில் ஃபுலானி மேய்ப்பர்களுக்கும் திவ் விவசாயிகளுக்கும் நடக்கும் மோதலுக்குப் பருவநிலை மாற்றமும் ஒரு காரணம் என்று எழுதியிருந்தீர்கள். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அடித்துக்கொள்வதற்கு மழை என்ன செய்யும்? சுற்றி வளைக்கிறீர்களோ என்று தோன்றுகிறது.

சரவணன், மதுரை

அன்புள்ள சரவணன்,

மழை யார் கையிலும் துப்பாக்கியைக் கொடுப்பதில்லை, சரி. ஆனால் மாடு எந்த மாதம் எந்த வயலோரம் வந்து நிற்கும் என்பது மழையைப் பொறுத்தது.

முன்பெல்லாம் வடக்கிலிருந்து மந்தைகள் திவ் மக்கள் வாழும் பெனுவே ஆற்றுப்பக்கம் வந்துசேரும்போது அறுவடை முடிந்திருக்கும். மாடு தாளை மேயும், சாணம் நிலத்துக்கு எருவாகும். நம்மூர்க் கிடை மாதிரி இருதரப்புக்கும் ஆதாயம். 1970, 80களின் வறட்சி அந்தக் கணக்கைக் குலைத்தது. வடக்கே புல் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, மந்தையும் முன்னதாகவே கிளம்பிவிடுகிறது. பயிர் நிற்கும்போதே மாடு இறங்கினால் ஓர் இரவு போதும், ஒரு குடும்பத்தின் வருஷச் சாப்பாடு போய்விடும்.

விவசாயியும் சும்மா இருக்கவில்லை. ஆற்றோரத் தாழ்நிலத்தை அங்கே ஃபடாமா என்பார்கள். கோடையில் சுற்றுவட்டாரமே காய்ந்தாலும் அங்கே ஈரமும் புல்லும் இருக்கும். மாடுகள் கடைசியாக ஒதுங்கும் இடம். 1990களில் உலக வங்கிக் கடனில் அந்த நிலங்களுக்குக் குழாய்க் கிணறும் பம்புசெட்டும் வந்தன. வெங்காயமும் தக்காளியும் போட்டார்கள். வறட்சியைச் சமாளிக்க நல்ல வழிதான், விவசாயிக்கு. மேய்ப்பனின் வழி அதே இடத்தில் அடைபட்டது. யாரும் திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு ஆயாசமாக இருக்கிறது.

அப்புறம் அரசு. 1965இல் வடக்கு மாகாணம் மேய்ச்சலுக்கு நிலம் ஒதுக்கச் சட்டம் கொண்டுவந்தது. ஒதுக்கியதில் பலவும் பின்னாளில் உழவுக்குப் போயின. 2017 நவம்பரில் பெனுவே மாநிலம் திறந்தவெளி மேய்ச்சலைத் தடைசெய்தது. பண்ணை வைத்து வளர்த்துக்கொள் என்றது, நிலமே இல்லாதவனிடம். 2018 புத்தாண்டை ஒட்டி அந்த மாநிலத்தின் குமா, லோகோ பகுதிகளில் விவசாயிகள்மீது, மேய்ப்பர்கள் செய்ததாகச் சொல்லப்படும் தாக்குதல் நடந்தது. 73 பேரை ஒன்றாக அடக்கம் செய்தார்கள். தடையைக் குறை சொல்வதால் கொலையை நியாயப்படுத்துகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மதத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. சண்டை மூண்டபிறகு யார் எந்தப் பக்கம் நிற்பது என்பதை அது முடிவுசெய்கிறது. ஆனால் வடமேற்கே சம்ஃபாரா மாநிலத்தைப் பாருங்கள். ஃபுலானிகளும் முஸ்லிம்கள், ஹவுசா விவசாயிகளும் முஸ்லிம்கள். அங்கும் நிலம், மேய்ச்சல், மாட்டுத் திருட்டு என்று ஆரம்பித்த பகைதான் இன்று ஊர் ஊராகக் கொள்ளையும் ஆள்கடத்தலுமாக வளர்ந்திருக்கிறது.