கிறிஸ்தவ நம்பிக்கை துணிவையும் அன்பையும் எப்படித் தருகிறது?

விசுவாசம் வந்ததும் பயம் மறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மொலோக்காய்த் தீவின் அருட்தந்தை தமியானின் வாழ்க்கை அப்படிச் சொல்லவில்லை. ஹவாய் அரசு தொழுநோயாளிகளை ஒதுக்கிவைத்திருந்த அத்தீவின் கலாவுபாப்பா முனைக்கு, பெல்ஜியத்தில் பிறந்த இந்தக் குரு 1873 மே மாதம், தம் 33-ஆம் வயதில், தாமே விரும்பிச் சென்றார். முதல் சில வாரங்கள் அவர் தாழை மரத்தடியில் படுத்து உறங்கினார். புண்களின் நாற்றத்தைத் தாங்க முடியாமல் புகைக்குழாய் பிடிக்கப் பழகியதாக அவரே எழுதியிருக்கிறார்; அந்த ஒப்புதல்தான் அவரை எனக்கு நெருக்கமானவராக்குகிறது.

நாற்றம் குறையாவிட்டாலும் அவர் விலகவில்லை. புண்களைக் கழுவிக் கட்டினார், சவப்பெட்டி செய்தார், குழி வெட்டினார், நோயாளிகளோடு ஒரே பாத்திரத்தில் உண்டார். நற்கருணையில், அதாவது திருப்பலியில் அர்ச்சிக்கப்படும் அப்பத்தில், ஆண்டவர் உடனிருக்கிறார் என்ற உறுதி இல்லாவிட்டால் தம்மால் அங்கே நீடித்திருக்க முடியாது என்று அவர் கருதினார். பசித்தவனுக்கும் நோயாளிக்கும் செய்தது தமக்கே செய்ததாகும் என்று இயேசு மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் கூறுவதை நேர்ப்பொருளிலேயே நம்புகிறவனுக்கு, எதிரே கிடக்கும் நோயாளி வெறும் நோயாளியாக இருப்பதில்லை. அன்பும் துணிவும் அங்கே ஒரே ஊற்றிலிருந்து பிறக்கின்றன.

1884-இல் ஒருநாள் கொதிநீர் காலில் பட்டு, தோல் வெந்தும் வலிக்கவில்லை. தொழுநோய் உணர்ச்சியை மரத்துப்போகச் செய்யும் என்பதால், தமக்கும் நோய் தொற்றிவிட்டதை அவர் உணர்ந்தார். பிறகும் வேலையை விடாமல், 1889 ஏப்ரல் 15 அன்று அங்கேயே இறந்தார்.