செட்டியார் கோயிலுக்கு நாங்கள் போகலாமா?

கேள்வி: மகனைப் பார்க்க சிங்கப்பூர் போகிறோம், தைப்பூசம் அங்கேதான். டேங்க் ரோடு முருகன் கோயிலைச் செட்டியார் கோயில் என்கிறார்களே, மற்றவர்களும் பால்குடம் எடுக்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக எடுங்கள். தைப்பூசத்தன்று அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அல்லாதவர்கள்தான், சீனர்கள்கூடக் காவடி எடுக்கிறார்கள். சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் கிளம்பி மூன்று நாலு கிலோமீட்டர் நடந்து டேங்க் ரோடு போய்ச் சேர்ந்தால், நீங்கள் சுமந்து வந்த பால் சன்னிதியில் இருக்கும் வேலுக்கு அபிஷேகமாகும். மாமன் கோயிலில் புறப்பட்டு மருமகன் கோயிலில் முடிகிற நடை அது!

கட்டியவர்கள் நகரத்தார், 1859-இல். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி என்று நீளமான கூடம், அதில் ஆளுக்கு ஒரு சின்ன மேசை, ஒரு பெட்டி, பகலெல்லாம் அங்கேயே கொடுக்கல் வாங்கல், ராத்திரி அங்கேயே பாய் விரித்துப் படுக்கை, குடும்பமோ செட்டிநாட்டில். அப்படி வருஷக்கணக்கில் தனியாகக் கிடந்தவர்களுக்குச் சாமி கும்பிடவும் நாலு பேர் கூடிப் பேசவும் ஓர் இடம் வேண்டாமா? வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கைக் கோயிலுக்கு ஒதுக்குவது அவர்கள் வழக்கம். பினாங்கு, ரங்கூன், சைகோன் என்று போன இடமெல்லாம் முருகனுக்குக் கோயில் எழும்பியது அப்படித்தான். கிட்டங்கிகள் இன்றைக்கு இல்லை, கோயில் இருக்கிறது. சம்பாதித்ததை ஊருக்கு அனுப்பியதோடு நிற்காமல் பிழைத்த மண்ணிலும் பொதுவுக்கு ஒன்று வைத்துவிட்டுப் போனார்களே, எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை.

இப்போது இருப்பது பழைய கட்டடம் இல்லை, புதிதாகக் கட்டி 1983-இல் கும்பாபிஷேகம் செய்தது. 2014-இல் அரசாங்கம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். தெய்வ உருவங்கள் செதுக்கிய 48 கண்ணாடிப் பலகைகள், காலை வெயிலும் சாயங்கால வெயிலும் விழுகிற மாதிரி சாய்த்துப் பதித்திருக்கிறார்கள்.

அப்புறம், முடிந்தால் முந்தின நாளே போய்விடுங்கள். அதைச் செட்டிப் பூசம் என்பார்கள். காலையில் முருகன் வெள்ளி ரதத்தில் கியோங் சைக் சாலை லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய், சாயங்காலம் திரும்புவார். கூடவே நகரத்தார் காவடிகள் வரும், மரத்தில் வளைத்து மயில்தோகை கட்டியவை, அலகு எல்லாம் இருக்காது. தைப்பூசத்தன்று பார்க்கிற பெரிய காவடிகளுக்கு நேர்மாறான எளிமை, இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.