1014: இராஜராஜன் மறைந்த ஆண்டு

கேள்வி: முதலாம் இராஜராஜ சோழன் 1014இல் மறைந்ததாக எந்தக் கல்வெட்டு கூறுகிறது? (வாசகி, திருவையாறு)

பதில்: அப்படிக் கூறும் கல்வெட்டு எதுவும் இல்லை. அரசன் பட்டமேறி எத்தனையாவது ஆண்டு என்று சொல்வதே நம் கல்வெட்டுகளின் வழக்கம். இராஜராஜன் பட்டமேறியது 985ஆம் ஆண்டின் நடுப்பகுதி. அவன் பெயரில் கிடைக்கும் ஆட்சியாண்டுகளில் கடைசியானது 29. இவ்விரண்டையும் கூட்டித்தான் அறிஞர்கள் 1014 என்கிறார்கள். தந்தை உயிரோடிருந்தபோதே 1012இல் இளவரசுப் பட்டம் பெற்றுவிட்டதால், மகன் இராஜேந்திரன் தன் ஆண்டுகளை அதிலிருந்தே எண்ணினான்; ஆகவே அவன் கணக்கும் தந்தை மறைந்த நாளைக் காட்டாது. இராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் வைப்பதற்கான செப்புக்குடத்தை 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் கொடுத்தான் என்று நாள் பிசகாமல் குறித்துவைத்தவர்கள், அவன் மறைந்த நாளை எங்கும் பொறித்துவைக்கவில்லையே என்ற ஆற்றாமை எனக்கு என்றும் உண்டு. அவன் சமாதி கும்பகோணத்துக்கு அருகிலுள்ள உடையாளூரில் இருப்பதாகச் சிலர் சொல்வதுண்டு. ஆனால் அங்குள்ள, முதற் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு சிவபாதசேகர தேவர் (இராஜராஜனின் பட்டப்பெயர்) திருமாளிகையின் முன்மண்டபத்தைப் புதுப்பித்ததையே சொல்கிறது. அதில் பள்ளிப்படை (அரசரின் சமாதிமேல் எழுப்பும் கோயில்) என்ற சொல் இல்லாததால், அவன் சமாதி அங்கேதான் என்ற முடிவை ஏற்பதற்கில்லை.

கேள்வி: அதே ஆண்டில் உலகின் பிற பகுதிகளில் மறைந்த அரசர்கள் யார்? (வாசகர், காரைக்குடி)

பதில்: இங்கிலாந்தை வென்று சில வாரங்களே ஆண்ட டென்மார்க் அரசன் ஸ்வெயின் பிப்ரவரி 3இல் இறந்தான், அவனுக்கு அஞ்சி நார்மண்டிக்குத் தப்பிச் சென்றிருந்த இங்கிலாந்தின் முந்தைய அரசன் எதெல்ரெட் திரும்பிவந்து மீண்டும் அரியணை ஏறினான். செப்டம்பர் இறுதியில் கடல் பொங்கி இங்கிலாந்தின் கரையோர ஊர்கள் பலவற்றை மூழ்கடித்தது.

அயர்லாந்தில் நடந்தது இவற்றைவிடத் துயரமானது. ஏப்ரல் 23, புனித வெள்ளியன்று டப்ளினுக்கு அருகே குளோன்டார்ஃபில் நடந்த போரில் அயர்லாந்தின் பேரரசன் பிரையன் போருவின் படை வென்றது. ஆனால் முதுமையால் களமிறங்காமல் கூடாரத்தில் இருந்த அவனை, தோற்றோடிய வைகிங்குகள் கொன்றுவிட்டார்கள் என்பது மரபுவழிச் செய்தி. மகன் முர்ஹாதும் பேரனும் அதே நாளில் மாண்டதால், வெற்றி பெற்ற குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் ஒரே பகலில் சாய்ந்தன.

கேள்வி: பல்கேரிய வீரர்கள் 15,000 பேரின் கண்கள் பிடுங்கப்பட்டதும் 1014இல்தானா? அது உண்மையா? (வாசகர், மதுரை)

பதில்: ஆம், அதே ஆண்டுதான். ஜூலை 29இல் கிளெய்டியோன் கணவாயில், படைத்தலைவன் ஒருவன் மலையைச் சுற்றிவந்து பல்கேரியரைப் பின்னாலிருந்து தாக்க, பைசாந்தியப் பேரரசன் இரண்டாம் பசில் வென்றான். சிறைப்பட்டவர்களைக் குருடாக்கி, நூற்றுக்கு ஒருவனுக்கு மட்டும் ஒரு கண்ணை விட்டுவைத்து, மற்றவர்களை அவன் வழிநடத்திச் செல்லும்படி ஊருக்கு அனுப்பினான் என்றும், தள்ளாடிவந்த அந்த வரிசையைக் கண்ட பல்கேரிய மன்னன் சாமுவேல் மயங்கி விழுந்து இரண்டு நாளில் இறந்தான் என்றும் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய பைசாந்திய வரலாற்றாசிரியர் ஸ்கைலிட்ஸஸ் கூறுகிறார். சாமுவேல் இறந்தது அக்டோபர் 6. தண்டனை நடந்ததை அறிஞர்கள் பொதுவாக மறுப்பதில்லை; எண்ணிக்கையைத்தான் ஐயுறுகிறார்கள். அத்தனை வீரர்களை ஒரே அடியாக இழந்த நாடு 1018 வரை பசிலை எதிர்த்துப் போராடியிருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.